சம்பளத்துக்குப் பதில் பயிற்சி: ஒரு விமானப் பள்ளியின் உதவிப் பயிற்றுநர் திட்டம் பற்றிய மதிப்பீடு

வணிக விமானி உரிமம் கையில் இருந்தும் விமான நிறுவனங்களின் அழைப்பு வராமல் காத்திருக்கும் இளைஞர்களிடம் பறப்புப் பயிற்சிப் பள்ளிகள் சில ஓர் உடன்பாட்டை முன்வைக்கின்றன. உதவிப் பயிற்றுநர் தகுதிக்கான பயிற்சியைப் பள்ளி இலவசமாகத் தரும். அதற்கு ஈடாக அவர் ஓராண்டு காலம் சம்பளம் வாங்காமல் பள்ளியின் மாணவர்களுக்குப் பறக்கக் கற்றுத்தர வேண்டும். மத்திய இந்தியாவில் உள்ள ஒரு பள்ளியில் இந்தத் திட்டத்தின்கீழ் 15 மாதங்கள் இருந்துவிட்டு வந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏறக்குறைய இதே வாசகங்களோடு கூடிய ஒப்பந்தத் தாள் வேறு பெயர்ப்பலகைகளின்கீழ் என் நண்பர்கள் இருவரிடமும் நீட்டப்பட்டது என்பதால், இது ஒரு பள்ளியைப் பற்றிய புகாராக இல்லாமல், விற்பனைக்கு இருக்கும் ஒரு சேவையைப் பற்றிய மதிப்பீடாகவே இருக்கட்டும்.

நான் இதில் சேர்ந்த சூழ்நிலையைச் சொல்லாமல் விட்டால், படித்தவன் ஒருவன் இப்படிப்பட்ட தாளில் எப்படிக் கையெழுத்திட்டான் என்று தோன்றும். இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பறப்புக் கட்டணம், தேர்வுகள், மருத்துவச் சோதனை, விடுதி எல்லாம் சேர்ந்து அரைக் கோடி ரூபாயை எளிதில் தொட்டுவிடுகின்றன. அதற்குப் பிறகும் ஏர்பஸ் 320 அல்லது போயிங் 737 போன்ற ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதியான டைப் ரேட்டிங்கைப் பெரும்பாலும் சொந்தப் பணத்தில்தான் முடிக்க வேண்டியிருக்கும். 2023ஆம் ஆண்டில் மட்டும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏ 1,622 வணிக விமானி உரிமங்களை வழங்கியது. அதே ஆண்டு மே 3ஆம் தேதி கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் பறப்பதை நிறுத்திக்கொண்டது. ஏர்பஸ் 320இல் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்கள் வேலை தேடி வரிசையில் நின்ற அந்த மாதங்களில்தான், 200 மணி நேரத்தோடு நானும் போய் அந்த வரிசையின் கடைசியில் நின்றேன். வங்கியின் மாதத் தவணை தொடங்கியிருந்தது. வெளியே பார்க்காமல் கருவிகளைக் கொண்டே பறக்கும் கருவி வழிப் பறப்புக்கான தகுதிச் சோதனை 12 மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது. அந்தக் கடிகாரமும் ஓடிக்கொண்டிருந்தது. உரிமம் வாங்கிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் விமானியின் கை ஆறு மாதத்தில் மரத்துப்போகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த நிலையில் வந்த அழைப்பு என்பதால் அதை நான் வரமாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒப்பந்தத்தின் சாரம் இதுதான். பள்ளியின் அச்சிட்ட கட்டணப் பட்டியலில் 5 லட்சம் ரூபாய் என்று குறிக்கப்பட்டிருந்த உதவிப் பயிற்றுநர் பயிற்சி இலவசம். விடுதியில் இருவருக்கு ஓர் அறை, மெஸ் சாப்பாடு உண்டு. பயிற்சி முடிந்த பிறகு 12 மாதங்கள் ஊதியமின்றிப் பணி. ஆண்டுக்கு 600 மணி நேரம் "எதிர்பார்க்கலாம்" என்று அதிகாரி வாயால் சொன்னாரே தவிர, தாளில் அந்த எண் எங்கும் இல்லை. இடையில் விலகினால் 5 லட்சத்தையும் முழுமையாகச் செலுத்த வேண்டும். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களின் அசலைப் பள்ளியில் ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. அதற்கு மட்டும் நான் இணங்கவில்லை. நகலை வாங்கிக்கொண்டு, முணுமுணுப்போடு விட்டுவிட்டார்கள். எனக்கு முன்னால் சேர்ந்த இருவர் அசலைக் கொடுத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் கடவுச்சீட்டுப் புதுப்பிப்புக்காகத் தம் சான்றிதழை ஒரு நாள் இரவல் கேட்டு அலுவலகத்தில் நின்றதைப் பார்த்தபோது, என் பிடிவாதம் நல்லதற்குத்தான் என்று பட்டது.

ஆறு வாரத்தில் முடியும் என்று சொல்லப்பட்ட பயிற்சிக்கு ஏறக்குறைய நான்கு மாதங்கள் ஆயின. ஜூனில் போய்ச் சேர்ந்தேன், பருவமழையும் உடன் வந்து சேர்ந்தது. மழை விட்ட நாள்களில் விமானம் இருக்காது. நான்கு செஸ்னா 172 விமானங்களில் ஒன்று எப்போதும் பராமரிப்புக் கொட்டகையில், 100 மணி நேரம் பறந்ததும் செய்ய வேண்டிய சோதனையில் நிற்கும். இன்னொன்று ஏதோ ஓர் உதிரிப் பாகத்துக்காகக் காத்திருக்கும். மீதமுள்ள இரண்டில் கட்டணம் செலுத்தும் மாணவர்களுக்கே முதலிடம். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இலவசமாகப் பயிலுபவனுக்காகப் பணம் கொடுத்தவனைக் காத்திருக்க வைக்க எந்தப் பள்ளியும் துணியாது. ஆனால் அந்த நான்கு மாதங்களும் நான் சும்மா இருக்கவில்லை. காலை ஐந்தரைக்கு ஓடுதள வாயிலில் இருந்து, பறப்பு அட்டவணை எழுதி, வானிலை அறிக்கையை ஒட்டி, புதிய மாணவர்களுக்கு வகுப்பெடுத்து, மாதக் கடைசியில் பெற்றோர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கட்டணத்தை நினைவூட்டும் வேலை வரை செய்தேன். விமானியாக எனக்குக் கிடைத்த முதல் அலுவல் அனுபவம், நாமக்கல்லிலிருந்து பேசிய ஒரு தந்தையிடம் அடுத்த தவணை எப்போது வரும் என்று கேட்டதுதான். அவர் பதிலுக்கு, "அது இருக்கட்டும் சார், பையன் எப்ப சார் தனியா ஓட்டுவான்?" என்று கேட்டார். அந்தப் பையனும் என்னைப் போலவே விமானத்துக்காகக் காத்திருந்தான்.

12 மாதக் கணக்கு நான் சேர்ந்த நாளிலிருந்து அல்ல, தகுதி கிடைத்த நாளிலிருந்தே தொடங்கும் என்பதை, செப்டம்பர் கடைசியில் சோதனைப் பறப்பு முடிந்த பிறகுதான் ஒப்பந்தத்தை மறுபடி படித்துப் புரிந்துகொண்டேன். பயிற்சி எவ்வளவு தாமதமானாலும் பள்ளிக்கு இழப்பில்லை. மாறாக, சம்பளமில்லாத ஓர் அலுவலர் கூடுதலாகச் சில மாதங்கள் கிடைக்கிறார். இந்தத் திட்டத்தின் அமைப்பில் நான் காணும் முதன்மையான குறை இதுவே. தாமதத்தின் விலையை யார் கொடுப்பது என்ற கேள்விக்கு, அதைத் தவிர்க்கும் வசதி சிறிதும் இல்லாதவன் என்று பதில் எழுதப்பட்டிருக்கிறது.

பறக்கத் தொடங்கிய பிறகு கிடைத்தவற்றைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. செஸ்னாவில் மாணவர் இடப்பக்கம் அமர்வார், பயிற்றுநர் வலப்பக்கம். மாணவனாக இருந்தவரை இடக்கை விமானத்தை இயக்கும், வலக்கை எஞ்சின் விசையைப் பிடிக்கும். வலப்பக்கம் மாறியதும் இரண்டு கைகளும் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் வாரம் சாப்பிடும் கையை மாற்றிக்கொண்டதுபோல் இருந்தது. ஆனால் விமான நிறுவனத்தில் துணை விமானி அமர்வதும் வலப்பக்கம்தான். ஏர்பஸ்ஸில் அவருடைய வலக்கையில் பக்கவாட்டு விசைப்பிடி, இடக்கையில் எஞ்சின் விசைகள். பதினொரு மாதம் அதே அமைப்பில் கைகள் பழகியது, பிற்பாடு சிமுலேட்டரில் முதல் நாளே எனக்கு உதவியது. இன்னொருவர் செய்யும் பிழையை அது பிழையாகும் முன்பே கண்டுகொள்வது, பறந்துகொண்டே தெளிவாகப் பேசுவது, ஒருவனை எப்போது விட்டுப் பிடிக்க வேண்டும் என்று அறிவது ஆகியவற்றை எந்தக் கட்டணப் பட்டியலிலும் விலை போட்டு விற்க முடியாது. என்னுடைய மாணவன் ஒருவன் தலைமைப் பயிற்றுநரின் அனுமதியோடு முதன்முறை தனியாக எழும்பிச் சுற்றி வந்து இறங்கிய அந்த ஆறேழு நிமிடங்கள், என் சொந்த முதல் தனிப் பறப்பைவிட எனக்கு நீளமாக இருந்தன.

இனி மணிக்கணக்கு. டிசம்பர், ஜனவரி மாதங்களில் கண்ணால் பார்த்துப் பறக்கத் தேவையான 5 கிலோமீட்டர் பார்வைத் தொலைவு பகல் பதினொன்றுக்கு முன் கிடைக்காத நாள்களே அதிகம். விடியலில் இறக்கைக்கு அடியில் குனிந்து, எரிபொருளைச் சிறு குப்பியில் பிடித்து, அதன் நீல நிறத்தையும் அடியில் தண்ணீர் தங்கியிருக்கிறதா என்பதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம். அந்தக் குப்பிக்கு அப்பால் ஓடுதளமே தெரியாது. பதினொரு மாதங்களில், பறந்த நேரத்தைப் பதியும் என் லாக்புக்கில் சேர்ந்தது 430 மணி நேரம். சொல்லப்பட்ட 600இன் விகிதப்படி 550 வந்திருக்க வேண்டும். வானிலையைப் பள்ளியின் தலையில் கட்ட முடியாது. விமானங்களின் எண்ணிக்கையைக் கட்டலாம்.

இந்த 430 மணி நேரத்தின் மதிப்பு என்ன என்பதில்தான் இளைஞர்கள் பெரிதும் ஏமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். இணையத்தில் படிக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து வருபவை. அங்கே 2009 பிப்ரவரி 12ஆம் தேதி பஃபலோ நகரருகே கோல்கன் ஏர் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்ததைத் தொடர்ந்து 2010இல் சட்டம் இயற்றப்பட்டது. 2013 முதல் பயணிகள் விமானத்தின் துணை விமானியும், சில விலக்குகள் நீங்கலாக, 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதனால் அமெரிக்க இளைஞர் 250ஆவது மணியிலிருந்து 1,500ஆவது மணி வரை எப்படியாவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். பாராசூட் வீரர்களை ஏற்றிச் செல்வதோ, விளம்பரத் துணியை இழுத்துப் பறப்பதோ, பயிற்றுநராக இருப்பதோ, ஒவ்வொரு மணியும் அவரை ஒரு வாசலுக்கு அருகில் கொண்டுபோகிறது. இந்தியாவில் அந்த வாசல் இல்லை. இங்கே 200 மணி நேரமும் டைப் ரேட்டிங்கும் இருப்பவர் துணை விமானியாகச் சேரலாம். செஸ்னாவில் 430 மணி கூடுதலாகப் பறந்ததற்காக எந்த நிறுவனமும் அவரை வரிசையில் முன்னே தள்ளுவதை நான் பார்க்கவில்லை. என் நேர்முகத் தேர்வில் அந்த எண்ணைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. கடைசியாக எப்போது பறந்தீர்கள் என்று கேட்டார்கள். "முந்தாநாள்" என்று சொன்னபோது எதிரில் இருந்த கேப்டன் நிமிர்ந்து பார்த்தார். ஆக, இந்தத் திட்டம் விற்பது மணிக்கணக்கை என்றாலும், அதில் நான் உண்மையில் வாங்கியது கை மரத்துப்போகாமல் இருப்பதை. அதற்கு 15 மாத உழைப்பு சரியான விலையா என்பதே கேள்வி.

வெறும் ரூபாய்க் கணக்கில், நான் எதிர்பார்த்ததைவிடப் பள்ளி நன்றாகவே தேறுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 5 லட்சத்தை 15 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 33,000 ரூபாய்க்குச் சற்று மேல். அதோடு அறையும் சாப்பாடும். என்னுடன் படித்த நண்பர் ஒருவர், சொந்தப் பணத்தில் இதே தகுதியைப் பெற்று வேறொரு பள்ளியில் மாதம் 40,000 ரூபாய் வாங்கினார். வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் 5 லட்சம் என்ற எண்ணை எழுதியது பள்ளி. அந்தப் பயிற்சியை அந்த விலைக்கு வாங்கிய ஒருவரைக்கூட நான் அங்கே சந்திக்கவில்லை. திட்டத்தில் சேர்ந்தவர்கள் மட்டுமே பயின்றார்கள். யாரும் வாங்காத விலையைத் தள்ளுபடியாகக் காட்டுவது துணிக்கடை ஆடித் தள்ளுபடியில் நாம் பார்த்துப் பழகியதுதான். இதில் கூடுதலாக, என் நண்பர் பிடிக்காவிட்டால் அடுத்த மாதமே விலகலாம். நான் விலகினால் அந்த எழுதப்பட்ட விலையை உண்மையாகவே கட்ட வேண்டும்.

பணத்தைவிட என்னை உறுத்தியது வேறொன்று. அமெரிக்காவில் தனியார் விமானி உரிமம் மட்டும் உள்ளவர் ஊதியத்துக்குப் பறக்கக் கூடாது. பறப்புச் செலவைத் தாம் ஏற்காமல் மணி நேரத்தை மட்டும் சேர்த்துக்கொள்வதையும் ஊதியம் பெற்றதாகவே அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. நெடுங்காலமாக விளக்கி வருகிறது. மணி நேரமே கூலி என்பதை ஓர் ஒழுங்குமுறை அமைப்பு வெளிப்படையாக ஒப்புக்கொண்டதாக இதை எடுத்துக்கொள்ளலாம். மணி நேரமே கூலியானால், பறக்க மறுப்பது கூலியை மறுப்பதாகிறது. மாதச் சம்பளம் வாங்கும் பயிற்றுநர், பக்கவாட்டுக் காற்று அதிகமாக இருக்கிறது, நான் களைத்திருக்கிறேன், இன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம். அவருடைய சம்பளம் அப்படியே இருக்கும். மணிக்காகப் பறப்பவனுக்கு அந்த வேண்டாம் என்ற சொல் வாயில் வருவதில்லை.

அதை மே மாதத்தில் ஒரு பிற்பகல் கண்டேன். வெப்பம் 44 பாகை. காற்று மெலிந்து விமானம் ஏற மறுத்து நீந்திக்கொண்டிருந்தது. அது என் ஆறாவது பறப்பு. இறங்கும்போது மாணவர் நிலத்துக்குச் சற்று உயரத்திலேயே விமானத்தின் மூக்கைத் தூக்கிவிட்டார். வேகம் கரைந்து, விமானம் தொப்பென்று விழுந்து ஓர் ஆள் உயரம் துள்ளியது. காலையில் என்றால் அவர் மூக்கைத் தூக்கத் தொடங்கும்போதே என் கை போயிருக்கும். அன்று அரை நொடி தாமதமாகப் போனது. விசையை முழுக்கத் தள்ளி, மறுபடி ஏறி, சுற்றி வந்து இறங்கினோம். விமானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பொறியாளர் சக்கரத் தாங்கியைச் சோதித்துவிட்டுச் சரி என்றார். ஐந்தாவது பறப்புக்குப் பிறகே நான் இறங்கியிருக்க வேண்டும். இறங்காததற்குக் காரணம், அந்த வாரத்தில் எனக்கு ஒன்பது மணி நேரமே சேர்ந்திருந்தது என்பதைத் தவிர வேறில்லை. பள்ளி என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்தத் தேவையே இல்லாத ஏற்பாடு இது என்பதுதான் என் குற்றச்சாட்டு.

இதைவிட மோசமான ஏற்பாடுகள் உலகில் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். விமானி தாமே பணம் கட்டி, பயணிகள் இருக்கும் விமானத்தில் சில நூறு மணி நேரம் துணை விமானியாக அமரும் திட்டங்கள் ஐரோப்பாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் தரகர்கள் வழியே விற்கப்பட்டுள்ளன. ஐரோப்பிய விமானிகள் கூட்டமைப்பு அவற்றைப் பல ஆண்டுகளாக எதிர்த்து வருகிறது. மேலே சொன்ன கோல்கன் விமானத்தின் கேப்டனும் தம் தொடக்க காலத்தில் அத்தகைய திட்டம் ஒன்றின் வழியாக வந்தவரே. விபத்துக்குக் காரணம் அதுதான் என்று விசாரணை சொல்லவில்லை. வேகம் குறைந்து எச்சரிக்கை எழுந்தபோது அவர் தவறாகச் செயல்பட்டதையே காரணமாகக் குறித்தது. ஆனாலும் அத்தகைய திட்டங்கள் மீது பொதுவெளியில் கேள்வி எழ அந்த விபத்து வழிவகுத்தது. அவற்றோடு ஒப்பிட்டால் நான் சேர்ந்த திட்டம் நேர்மையானது: பணம் கேட்கவில்லை, சொன்ன தகுதியை, தாமதமாக என்றாலும், தந்தது.

விலகும்போது நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆகஸ்டில் விமான நிறுவனத்தின் தேர்வில் தேறி, ஒரு மாத பாக்கியோடு விலக விரும்பினேன். ஒப்பந்தப்படி 5 லட்சமும் வேண்டும் என்றார்கள். பன்னிரண்டில் பதினொரு பங்கு வேலையைச் செய்தவனிடம் முழுத் தொகையைக் கேட்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின் முன் நிற்காது என்றும், தாளில் எழுதிய தொகை உச்ச வரம்பே தவிர, நியாயமான ஈட்டுக்கு மேல் கேட்க முடியாது என்றும் ஊரில் வழக்குரைஞராக இருக்கும் மாமா சொன்னார். அதை நான் பணிவாக எடுத்துச் சொன்னதும், ஒரு மாதக் கணக்கில் 42,000 ரூபாயோடு முடிந்தது. அசல் சான்றிதழ்களைக் கொடுத்திருந்தால் இந்தப் பேச்சு இவ்வளவு பணிவாக முடிந்திருக்காது.

ஐந்துக்கு இரண்டரை மதிப்பெண் தருவேன். இரண்டு மதிப்பெண் வலப்பக்க இருக்கைக்கும் அந்த மாணவர்களுக்கும்; அரை மதிப்பெண் மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்காக இட்லி ஊற்ற முயன்ற சமையல்காரருக்கு. உரிமம் பெற்று ஆறு மாதத்துக்குள் இருப்பவரும், டைப் ரேட்டிங்குக்குப் பணம் தயாராக வைத்திருப்பவரும் இதில் சேர வேண்டிய தேவை இல்லை. பணமும் இல்லை, அழைப்பும் இல்லை, கை மரத்துக்கொண்டிருக்கிறது என்பவர் சேரலாம். ஆனால் 12 மாதக் கணக்கு சேர்ந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும், விலகினால் மீதமுள்ள மாதங்களுக்கு மட்டுமே ஈடு, மாதத்துக்குக் குறைந்தது இத்தனை மணி நேரம், ஒரு நாளுக்கு அதிகபட்சம் இத்தனை பறப்பு என்ற நான்கையும் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு சேர வேண்டும். எழுத மறுத்தால், அதே தகுதியைக் கடன் வாங்கியாவது பெற்றுச் சம்பளத்துக்குப் போவதே மேல். அந்தப் பள்ளியில் எத்தனை விமானங்கள் உண்மையில் பறக்கின்றன என்பதை விளம்பரத்தில் பார்க்காமல், ஒரு நாள் காலையில் வேலிக்கு வெளியே நின்று எண்ணிப் பாருங்கள்.

லாக்புக்கில் கையெழுத்தை மாதந்தோறும் வாங்கிவிடுங்கள். நான் இருந்த காலத்தில் தலைமைப் பயிற்றுநர் இரு முறை மாறினார். முன்னவர் காலத்தில் நான் பறந்த 60 மணி நேரத்துக்குக் கையெழுத்திடப் புதியவர் மறுத்துவிட்டார். அந்தப் பக்கங்களைத் தூக்கிக்கொண்டு பழையவர் சேர்ந்திருந்த புதிய பள்ளிக்கு இரவு ரயிலில் போய், அவர் வகுப்பு முடியும்வரை வாசலில் காத்திருந்து வாங்கி வந்தேன். ரயில் கட்டணமும் என்னுடையதுதான்.